தேதி போடாத செய்தி

மாலை ஐந்து மணி பதினேழு நிமிடம் வரை எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஐந்து பதினெட்டுக்கு நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போது பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் ஜெனி, தினமும் நாலே முக்காலுக்கு சைக்கிளைக் காம்பவுண்டு சுவரில் சாய்த்துவிட்டு, "பசிக்குது" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவாள். அன்று சைக்கிள் சாயும் சத்தத்தையும் காணோம், பசியையும் காணோம்.

நிமிடக் கணக்கு சொல்கிறேனே என்று சிரிக்க வேண்டாம். இருபத்தெட்டு வருடம் நெய்வேலி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்தவள் நான். சுரங்கத்துக்கும் அனல் மின் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் குவார்ட்டர்ஸுக்கும் லைன் கொடுத்த கை. எனக்கு ஒரு நாள் என்பது காலை, மாலை என்று வராது. ஆறு நாற்பத்தொன்று, ஆறு நாற்பத்திரண்டு என்றுதான் வரும்.

எங்கள் பிரிவில் இப்போது இருக்கும் இளையவர்கள் ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். "மேடம், உங்க சர்வீஸ்ல நடந்த கஷ்டமான கேஸ் ஒன்னு எழுதிக் குடுங்க. எங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்று கேட்டார்கள். பிரச்சினை என்னவென்றால், என் சர்வீஸின் மிகக் கஷ்டமான கேஸ், நான் விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் நடந்தது. தப்பும் என்னுடையது, புகார் கொடுத்தவளும் நான். இதை அச்சடிப்பதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆறு மாதம். ஹெட்செட்டை முடியில் சிக்காமல் மாட்டுவது, கன்வேயர் பெல்ட் ஓடும் இரைச்சலுக்கு நடுவே ஒருவர் கத்தினால் அவர் கோபமாகக் கத்துகிறாரா, காது கேட்காமல் கத்துகிறாரா என்று பிரித்தறிவது, பெரிய அதிகாரியின் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் மூச்சு விடும் சத்தத்தைக் குறைப்பது. இவ்வளவுதான் ஆறு மாதமும்.

உண்மையில் வேலை கற்றுக்கொடுத்தவர் எங்கள் சூப்பர்வைசர் பிரகாசி மேடம். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். தப்பு இருந்தால், அழைப்புகளைக் குறித்துவைக்கும் லாக் புக்கில் அந்த வரியின் மேல் ஒரு பென்சிலைப் படுக்க வைத்துவிட்டுப் போய்விடுவார். பென்சிலைப் பார்த்ததும் தப்பு எது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. அவரிடம் ஒரே ஒரு விதி. வருகிற செய்தியானாலும் போகிற செய்தியானாலும் நாலு விஷயம் இருக்க வேண்டும்: எப்போது, எங்கே, யார், என்ன. எழுதியதைத் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். நாலில் ஒன்று குறைந்தாலும் அது செய்தி இல்லை, "சத்தம்" என்பார்.

யாராவது பரபரப்பாக ஓடி வந்து ஏதாவது சொன்னால் அவர் கேட்பது ஒன்றுதான். "பாத்தியா, கேட்டியா?"

கேட்டேன் என்று சொன்னால், போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார்.

ஒரு மழைக்காலப் பிற்பகல். சுரங்கத்தின் அடிமட்டத்தில் பம்ப் இருக்கும் இடத்தில் தண்ணீர் ஏறுவதாகச் செய்தி வந்தது. இரண்டு மணி பத்து நிமிடம். அபாயச் செய்தி என்றால் பதினோரு எண்களுக்கு வரிசையாகச் சொல்ல வேண்டும், பட்டியல், லைன் கொடுக்கும் போர்டின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். சொன்னேன், டிக் அடித்தேன். இரண்டு முப்பத்துநாலுக்கு ஒன்றுமில்லை, ஒரு அளவுகோல்தான் கோளாறு என்று தெரிந்து 'ஆல் கிளியர்' வந்தது. மறுபடி அதே பதினோரு எண்களுக்கும் சொல்ல வேண்டும். பத்துப் பேருக்குச் சொன்னேன். பதினோராவது, ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. லைன் பிஸி. இரண்டு நிமிடம் கழித்துப் போடலாம் என்று நினைத்தேன். அதற்குள் டீ வந்தது.

நாலு மணி வரை ஒரு டாக்டரும் இரண்டு நர்ஸ்களும் ஸ்ட்ரெச்சரை வைத்துக்கொண்டு வாசலில் மழையைப் பார்த்தபடி நின்றிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் இன்ஜினை அணைக்கவே இல்லை. வெளிநோயாளிகளையெல்லாம் ஒரு பக்கமாக உட்கார வைத்துவிட்டார்கள்.

லாக் புக்கில் பென்சில் படுத்திருந்தது. நான் பதறிப்போய் ஹெட்செட்டை எடுத்தேன். பிரகாசி மேடம் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"போன்ல சொல்லாத. நடந்து போ. செய்தி எந்த வழியா போச்சோ அந்த வழியா நீயும் போயி, அதைத் திருப்பி இட்டுகினு வா."

குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கனைக் கையில் பிடித்திருந்த ஒரு பெரியவர், நான் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்பதைப் பார்த்துவிட்டு, "அப்ப என் காதைப் பாப்பாங்களாம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்படிப் பழக்கப்பட்ட ஒருத்தி என்ன செய்திருக்க வேண்டும், என்ன செய்தேன் என்பதுதான் மீதிக் கதை.

ஓய்வு பெற்ற கையோடு எங்கள் பிளாக்கில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். 'நம்ம பிளாக் நலம் விரும்பிகள்'. அட்மின் நான். மறுபடி ஒரு போர்டு கிடைத்த சந்தோஷம். தண்ணீர் எப்போது வரும், எந்த டெய்லர் சொன்ன தேதிக்குக் கொடுப்பார், முந்திரித் தோப்புப் பக்கம் வாக்கிங் போனால் நாய் துரத்துமா என்பதுபோன்ற உபயோகமான விஷயங்களுக்காக ஆரம்பித்தது. ஒரே மாதத்தில் அதற்குச் சொந்த புத்தி வந்துவிட்டது. முழங்கால் வலி என்று ஒருவர் எழுதினால் பதினேழு வைத்தியம் வரும், அதில் பதினாறு ஒன்றுக்கொன்று எதிரானது. மாடியில் போன்சாய் வளர்ப்பவர் ஒருவர், அரசமரம் தன் முழங்கை உயரத்தைத் தாண்டவில்லை என்பதை வாரம் ஒருமுறை படத்தோடு நிரூபிப்பார். பழைய ஸ்டாம்ப் சேர்க்கிற இருவர், குழுவில் வேறு யாருமே இல்லாததுபோல் பேசிக்கொள்வார்கள். எதிர் வரிசை வசந்தா அக்கா காலையில் ரோஜா, மதியம் தாமரை, மாலையில் ஏதோ வெளிநாட்டுப் பூ அனுப்புவார். தனக்கு எது வந்தாலும் அடுத்த நொடி அதை இருக்கிற எல்லாக் குழுவுக்கும் அனுப்பிவிடுவார். அதில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. பலாச்சுளை கிடைத்தாலும் அப்படித்தான், பத்து வீட்டுக்குப் பங்கு போட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

இதெல்லாம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. இப்போது குறை சொல்லும்போதும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த ஐந்து பதினெட்டுக்கு வருகிறேன். டியூஷன் சாரைக் கூப்பிட்டேன். "இன்னைக்கு ஜெனி வரலையேம்மா" என்றார். தோழி வீட்டில் யாரும் எடுக்கவில்லை. ஜெனியின் அப்பா இரண்டாம் ஷிப்டில் சுரங்கத்துக்குள் இருந்தார், அங்கே அவர் போன் லாக்கரில் தூங்கும். ஜெனிக்கு நான் போன் வாங்கித் தரவில்லை, வாங்கித் தராததைப் பெருமையாகக் குழுவில் எழுதியும் இருந்தேன். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். இருபத்தெட்டு வருடம் அடுத்தவர் பதற்றத்தைக் கையாண்டவளுக்குத் தன் பதற்றத்தை எந்தப் பட்டனில் அணைப்பது என்று தெரியவில்லை.

ஐந்து முப்பத்தொன்றுக்கு, அவளுடைய படத்தைப் போட்டுக் குழுவில் எழுதினேன்.

'என் மகள் ஜெனியை இன்று காலை முதல் காணவில்லை. பச்சைச் சுடிதார், ரெட்டைப் பின்னல். பார்த்தவர்கள் உடனே அழைக்கவும். தயவுசெய்து அனைவருக்கும் பகிரவும்.' கீழே என் எண். கும்பிடும் கைகள் மூன்று.

காலை முதல் என்பதே பொய். காலையில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனவள்தான், சாயங்காலம்தான் வரவில்லை. பதற்றத்தில் ஒரு முழுப் பகலையும் சேர்த்துக் காணாமல் போக்கிவிட்டேன். எப்போது, எங்கே, யார், என்ன என்ற நாலில், 'எப்போது' என்பதற்கு 'இன்று' என்று போட்டிருந்தேன். தேதி இல்லை, மணி இல்லை. எந்த ஊர் என்றும் இல்லை.

பதில்கள் வர ஆரம்பித்தன. முதலில் வசந்தா அக்கா, ஒன்பது அழும் முகங்கள். பிறகு ஒருவர் பெண்ணின் நட்சத்திரம் என்ன என்று கேட்டார். சீரகத்தை வெந்நீரில் போட்டுக் குடித்தால் பதற்றம் குறையும் என்றார் இன்னொருவர். போன்சாய்க்காரர், சைக்கிளில் போனாளா நடந்து போனாளா என்று கேட்டார். உருப்படியான கேள்வி அது ஒன்றுதான், அதற்கு யாரும், நான் உள்பட, பதில் சொல்லவில்லை. நடுவில் யாரோ சிலிண்டர் வண்டி வந்துவிட்டதா என்று கேட்க, அதற்கு மட்டும் நாலு பேர் துல்லியமாக நேரத்தோடு பதில் சொன்னார்கள். ஐந்து நாற்பத்துநாலுக்குத் திருச்சியிலிருந்து என் நாத்தனார் என் செய்தியையே எனக்கு அனுப்பி, "அண்ணி, இந்தப் பொண்ணு நம்ம ஜெனி மாதிரியே இருக்கு பாருங்க" என்று எழுதியிருந்தாள்.

ஆறு ஐந்துக்கு சைக்கிள் சுவரில் சாயும் சத்தம் கேட்டது.

ஜெனி டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினாள். உள்ளே ஈரத் துணியில் சுற்றிய டேபிள் ரோஸ் தண்டுகள், நாலு கலர்.

"எங்கடி போன?"

"வடக்குத்து. தனம் ஆன்ட்டி வீட்டுக்கு. நீதானம்மா போயிட்டு வரச் சொன்ன? சைக்கிள் பஞ்சர். தள்ளிக்கிட்டே வந்தேன்."

நான்தான் சொன்னேன். ஒன்பது நாள் முன்னால், எங்கள் பிளாக்கிலிருந்து பக்கத்து ஊரான வடக்குத்துக்குக் குடிபோன தனம் என்பவர் அதே குழுவில், டேபிள் ரோஸ் தண்டு யாருக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார். எனக்கு என்று முதல் ஆளாகக் கை தூக்கினேன். பாப்பாவை அனுப்புங்க என்றார். கட்டை விரலைப் போட்டேன். ஜெனியிடம், நேரம் கிடைக்கிற அன்னைக்குப் போயிட்டு வா என்றேன். அன்றைக்கு அவளுக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

ஆறு ஒன்பதுக்கு, 'மகள் வந்துவிட்டாள், அனைவருக்கும் நன்றி' என்று போட்டேன். கட்டை விரல்களாகக் குவிந்தன. ஆல் கிளியர் கொடுத்தாயிற்று என்று அடுப்பில் டீ வைக்கப் போனேன்.

ஆமாம், மறுபடியும் டீதான்.

காணாமல் போன பெண்ணை எல்லாரும் எல்லாருக்கும் அனுப்பினார்கள். திரும்பி வந்த பெண்ணை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. வீட்டுக்கு வந்து டேபிள் ரோஸ் நடுகிற பெண்ணைப் பார்த்து யார் அழப்போகிறார்கள்? மூன்றாம் நாள் விருத்தாசலத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அடுத்த வாரம் தூத்துக்குடி. ஒவ்வொருவருக்கும் அவள் 'இன்று காலை முதல்' காணவில்லை. போகிற வழியில் செய்திக்குக் கை கால் முளைத்தது. ஒரு பதிப்பில் வெள்ளை வேன் வந்தது. இன்னொன்றில், ரத்தம் தேவை என்ற வேறு யாருடைய செய்தியோ இதோடு ஒட்டிக்கொண்டு, காணாமல் போன என் மகளுக்கே அவசரமாக ஓ நெகட்டிவ் ரத்தம் தேவைப்பட்டது. இரண்டு பேர் கொடுக்கத் தயாராகவும் இருந்தார்கள்.

ஒவ்வொரு அழைப்பிலும் அடுத்த முனையில் ஒரு நல்ல மனிதர் இருந்தார். அதுதான் கொடுமை. திட்டவும் முடியாது. நன்றி சொல்லி, வந்துவிட்டாள் என்று சொல்லி, தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்று கெஞ்சி, அவர் "ரொம்ப சந்தோஷம்மா" என்று தழுதழுப்பதைக் கேட்டு வைப்பேன். எண்ணை மாற்றிவிடலாம் என்றார் அவள் அப்பா. என் எண் போய்விட்டால் வந்துவிட்டாள் என்று சொல்லவும் ஆள் இருக்காதே என்று மாற்றவில்லை.

ஜெனி மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. போன் அடித்தால், "அம்மா, இன்னைக்கு எந்த ஊர்ல காணாமப் போயிருக்கேன்?" என்பாள். ஆனால் போகப் போகக் கண்காட்சி, கல்யாணம் என்று கூட்டத்துக்கு வரத் தயங்கினாள். யாராவது இரண்டாம் முறை திரும்பிப் பார்த்தால் துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வாள். நான் கவனித்தேன். கவனித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

இரண்டு வருடம் போயிற்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். அவள் ஆசைப்பட்ட படிப்புக்கு ஒரே ஒரு நுழைவுத் தேர்வு, மையம் கடலூர். மதியம் இரண்டு மணிக்குத் தேர்வு, ஒன்றரைக்கு கேட்டை மூடிவிடுவார்கள், ஒரு நிமிடம் பிந்தினாலும் அடுத்த வருடம்தான். நானும் வருகிறேன் என்றேன்.

"வேணாம்மா. ஒரு தடவையாவது நானே போய் நானே வரேன்."

அந்த 'ஒரு தடவையாவது' எங்கிருந்து வருகிறது என்று தெரிந்ததால் சரி என்றேன். போன் கொண்டுபோகக் கூடாது என்று போட்டிருந்ததால், அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் வாங்கிக் கொடுத்த போனை வீட்டிலேயே வைத்துவிட்டாள். பத்து இருபதுக்குக் கிளம்பும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன்.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு என் போன் அடித்தது. தெரியாத எண்.

"அம்மா, நின்னுகினு இருந்தா மொதல்ல உக்காந்துக்குங்க. உங்க பொண்ணு கெடைச்சிட்டா."

பஸ் கவிழ்ந்துவிட்டது என்றுதான் ஒரு கணம் நினைத்தேன். அந்தக் கணத்தைப் பற்றி இப்போதும் எழுத வரவில்லை. பிறகுதான் அவர் குரலில் இருந்த மகிழ்ச்சி எனக்கு எட்டியது. பேர் சேகர். மேல்பட்டாம்பாக்கத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் செல்போன் கடை. அன்று காலைதான் அவருக்கு என் செய்தி வந்திருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்ததும் பஸ்ஸை நிறுத்தி, நாலு பேராக ஏறி, மரியாதையாக இறக்கியிருக்கிறார்கள். பஸ் போய்விட்டது.

"அவ காணாமப் போகலைங்க. பரீட்சைக்குப் போறா. அடுத்த பஸ்ல ஏத்தி விட்டுடுங்க" என்றேன்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, பக்கத்துல யாராச்சும் நின்னுகினு மிரட்டுறாங்களா? ஆமான்னா, 'ரைட்டு'ன்னு மட்டும் சொல்லுங்க."

"யாருமே இல்லைங்க. நான் வீட்டுல தனியா இருக்கேன்."

"புரிஞ்சிடுச்சும்மா. புரிஞ்சிடுச்சு. தைரியமா இருங்க."

பெண்ணிடம் கொடுங்கள் என்று கேட்டேன். அது பயந்துபோய் மாத்தி மாத்திப் பேசுது, ஜூஸ் கொடுத்திருக்கிறோம், போலீசுக்கும் சொல்லப்போகிறோம், ஊரே இங்கேதான் இருக்கிறது, இனி யார் வந்து கேட்டாலும் விடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வைத்தார். மறுபடி கூப்பிட்டால் பிஸி. எல்லாருக்கும் நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

நெய்வேலியிலிருந்து நான் கிளம்பினால் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து கடலூர் முக்கால் மணி நேரம். கணக்கு இடிக்கிறது. அவள் அப்பா முதல் ஷிப்டில், போன் லாக்கரில். மேல்பட்டாம்பாக்கத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர். ஓய்வு பெற்று அங்கே இருக்கிறார், வாட்ஸ்அப் கிடையாது, பழைய லேண்ட்லைன்தான். அந்த எண் இன்னும் விரலுக்கு மனப்பாடம்.

பிரகாசி மேடம் எடுத்தார். நான் அழ ஆரம்பித்தேன்.

"எப்ப?" என்றார்.

"பதினொன்னு நாப்பத்திரண்டு."

"எங்க?"

சொன்னேன். யார் என்று கேட்டார், என்ன என்று கேட்டார். எப்படி இப்படி ஆனது என்று கேட்கவே இல்லை. திருப்பிச் சொல்லு என்றார், சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் என் அழுகை நின்றுவிட்டிருந்தது.

"நான் இப்பவே அங்க வரட்டுமா மேடம்?"

"நீ எடத்த வுட்டு எழுந்திரிக்காத. போர்டுல ஆள் இருக்கணும்." செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. "நீ அனுப்புன செய்தியில தேதி போட்டியா?"

"இன்னைக்குன்னு மட்டும்தான் போட்டேன் மேடம்."

"சரி, வை."

பென்சிலைப் படுக்க வைத்துவிட்டார்.

பதினொன்று நாற்பத்தொன்பதிலிருந்து நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் அழைப்புகளை எழுதினேன். சேகர், பிஸி. சேகர், பிஸி. புதுச்சேரியிலிருந்து யாரோ ஒருவர், பெண் கிடைத்ததற்கு வாழ்த்து. பன்னிரண்டு இருபதுக்குக் கரண்ட் போயிற்று. அவள் மேஜையில் விட்டுப்போன போன் ஒருமுறை அதிர்ந்தது, எடுத்துப் பார்த்தால் வசந்தா அக்காவின் தாமரை.

அங்கே நடந்ததை ஜெனி பிறகு சொன்னாள். மேடம் ஆட்டோவில் வந்து இறங்கியதும் சேகர் வழி மறித்து, நீங்க யாருன்னு எப்படி நம்புறது என்று கேட்டிருக்கிறார். மேடம் அதற்குப் பதில் சொல்லாமல், இந்தச் செய்தி உனக்கு எப்ப வந்துச்சு என்று கேட்டாராம். இன்னைக்குக் காலைல என்று அவர் போனைக் காட்ட, பூக்கடைக்காரர், எனக்குப் போன பொங்கலுக்கே வந்துச்சே என்றிருக்கிறார். கூட்டத்தில் இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு அம்மா, "எம் பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்கு வந்துச்சிங்க. இதோ பேரனே பொறந்து பல்லு மொளைச்சிடுச்சு" என்றாராம். அதோடு கூட்டம் இரண்டாகப் பிரிந்து, எது நிஜமான 'இன்று' என்று தங்களுக்குள்ளேயே சண்டை போட ஆரம்பித்துவிட்டது.

ஜெனி அத்தனை நேரமும் ஹால் டிக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். யாரும் அதை வாங்கிப் பார்க்கவில்லை. காகிதத்தில் இருப்பதை யார் நம்புகிறார்கள்? மேடம் அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லாக் புக் வாசிக்கிற மாதிரியே சத்தமாக வாசித்திருக்கிறார். தேதி. நேரம். இடம். பேர். என்ன தேர்வு. பிறகு சேகரைப் பார்த்து, "திருப்பிச் சொல்லு" என்றாராம். அவர் கை கட்டிக்கொண்டு திருப்பிச் சொன்னாராம். தேதி வந்ததும் நிறுத்தி, கடைக்குள் மாட்டியிருந்த நாட்காட்டியை எட்டிப் பார்த்தாராம்.

அப்புறம் கடத்தலைத் தடுத்த அதே வேகத்தில் தேர்வுக்கு அனுப்பவும் ஊர் திரண்டிருக்கிறது. மூன்று பைக், ஒரு வேன், ஒரு தண்ணீர் லாரிகூட வரத் தயாராக இருந்ததாம். வேன் வெள்ளை நிறம் என்பதால் மேடம் வேண்டாம் என்றிருக்கிறார். வந்த ஆட்டோவிலேயே ஏறினார்கள்.

ஒன்று இருபத்துநாலுக்கு என் போன் அடித்தது. ஆட்டோக்காரர் போனிலிருந்து.

"ஒன்னு இருவத்தொன்னு. கேட்டுக்குள்ள போயிட்டா. பாத்தேன்."

கேட்டேன் இல்லை, பாத்தேன். நான் போனைக் கன்னத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அழுது முடிச்சிட்டியா? பரீட்சை முடியிற வரைக்கும் நான் இங்கயேதான் இருப்பேன், பஸ் ஏத்தி வுட்டுட்டுத்தான் வூட்டுக்குப் போவேன். நீ போயி உன் செய்தியத் திருப்பி இட்டுகினு வா."

உலகம் முழுக்கப் போனதைத் திருப்பிக்கொண்டு வர முடியாது. எங்கிருந்து கிளம்பியதோ அந்த பிளாக்கிலாவது வீடு வீடாகப் போகலாம். இரண்டரை மணி வெயிலில் ஒரு நோட்டோடு கிளம்பினேன். ஒவ்வொரு வீட்டிலும் போனை வாங்கி, அந்தச் செய்தியைத் தேடி, என் கண் முன்னால் அழிக்க வைத்து, பேருக்கு எதிரில் நேரம் போட்டுக் கையெழுத்து. ஒருவர் நான் ஓட்டுக் கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்து, யோசிச்சு சொல்றோம்மா என்றார். ஸ்டாம்ப் சேகரிப்பவர், அழிக்க மனசு வரலையே, பாப்பா போட்டோ நல்லா இருக்குதே என்றார். இது அரிய பதிப்பு, வெள்ளை வேன் இல்லாதது என்பதுபோல் அவர் அதைப் பார்த்தார். போன்சாய்க்காரர் மட்டும், அன்றைக்கு நான் கேட்டேனே, சைக்கிளா நடந்தா, அதற்கு இன்னும் பதில் வரவில்லை என்றார். சைக்கிள்தான் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கினேன்.

மூன்று பதினைந்துக்கு வசந்தா அக்கா. அவர் போனில் அந்தச் செய்தி ஆறு குழுக்களில் இருந்தது. காபி கொடுத்தார், ஜெனிக்கு நேர்ந்ததைக் கேட்டு நிஜமாகவே அழுதார். செய்தி என்றால் எப்போது, எங்கே, யார், என்ன என்ற நாலும் இருக்க வேண்டும் அக்கா, தேதி போடாததுதான் நான் செய்த பாவம் என்று விளக்கினேன். அந்த பிளாக்கிலேயே நான் கேட்காமல் திருப்பிச் சொல்லிக் காட்டியவர் அவர் ஒருவர்தான். விரல் விட்டு எண்ணி, நாலையும் சரியாகச் சொன்னார். ஆறு இடத்திலும் அழித்தார். கையெழுத்துப் போட்டார். அவர் பேருக்கு எதிரில் கொஞ்சம் பெரிதாகவே டிக் அடித்தேன்.

வீட்டுக்கு வந்து வாசலிலேயே உட்கார்ந்தேன். கடலூர் பஸ் ஆறே முக்காலுக்கு வரும். டவுன்ஷிப் வாசலில் பஸ் நிற்கும் ஆர்ச் கேட்டுக்குப் போய் நிற்கலாம் என்று தோன்றியது. நானே போய் நானே வருகிறேன் என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்து, எழுந்தவள் உட்கார்ந்தேன். தொட்டியில் டேபிள் ரோஸ் வெயில் தாழ்ந்து இதழைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

ஆறு ஐம்பத்தாறுக்கு ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. முன்னால் வசந்தா அக்கா, பின்னால் ஜெனி. இறங்கியும் அக்கா அவள் மணிக்கட்டை விடவில்லை.

"எழுதிட்டேம்மா. கடைசிக் கேள்வி வரைக்கும்" என்றாள் ஜெனி. சிரிப்பதா அழுவதா என்று முடிவு செய்யாத முகம்.

அக்கா அவள் கையை எடுத்து என் கையில் வைத்தார். வெயிலில் நான் அலைந்து வாங்கிய கையெழுத்து நோட்டு இன்னும் என் மடியில்தான் இருந்தது.

"செல்வி, உம் பொண்ணு ஆர்ச் கேட்டுல தன்னந்தனியா நின்னுகினு இருந்தா. வுட்டுடுவனா நானு? இட்டாந்துட்டேன். கெடைச்சிட்டான்னு எல்லா குரூப்புலயும் போட்டாச்சு. நீ சொன்ன மாதிரியே இன்னைக்குத் தேதி, மணி, எடம், பேரு, ஒன்னு விடல."